கடை விளம்பரத்தை ஏஐ கருவியால் எழுதுவது எப்படி: வேலூர்ச் சிறு வணிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர் லாங் பஜாருக்குப் பக்கத்துச் சந்தில் நாங்கள் ஒரு சிறிய தோல் பொருள் கடை வைத்திருக்கிறோம். பர்ஸ், பெல்ட், தோள்பை ஆகியவற்றைப் பேரணாம்பட்டில் தைத்து வாங்கி விற்கிறோம். கடையை இணையத்தில் தெரியப்படுத்த வேண்டும் என்று தோன்றியபோது, மாதம் 6,000 ரூபாய்க்கு ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைத்தேன். அவர் இலவச ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவி எழுதித் தந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டிருந்தார் என்பது மூன்று மாதம் கழித்தே தெரிந்தது. அதன் பிறகு நானே செய்யத் தொடங்கினேன். முறை பிடிபட ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் 18,000 ரூபாயும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் எடுத்துக்காட்டுகள் தோல் பொருளைப் பற்றியவை. நீங்கள் குடியாத்தத்தில் லுங்கி விற்றாலும் ஆற்காட்டில் மக்கன் பேடா விற்றாலும் படிகள் இவையேதான்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டிய ஆவணங்கள்

கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு கோப்பில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: கடையின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும் புகைப்படம், மாநகராட்சித் தொழில் உரிமம் அல்லது கடை முகவரி உள்ள மின்கட்டண ரசீது, பான் அட்டை, உத்யம் எனப்படும் சிறு தொழில் பதிவுச் சான்றிதழ், இருந்தால் ஜிஎஸ்டி எண். உணவுப் பொருள் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வழங்கிய 14 இலக்க எண்ணும் வேண்டும்.

உத்யம் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் அரை மணி நேரத்தில் நீங்களே பதிவு செய்யலாம். எந்த ஆவணத்தையும் ஏற்றத் தேவையில்லை. ஆனால் தேடும்போது அரசு இணையதளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் பக்கங்கள் முதலில் வந்து நிற்கின்றன. நான் அப்படி ஒன்றில் 1,500 ரூபாய் கட்டிவிட்டேன். முகவரியின் முடிவில் அரசுக்குரிய ‘கவ்.இன்’ (gov.in) இருக்கிறதா என்று பார்த்த பின்பே ஆதார் எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் அந்த வரம்பு பொதுவாக உதவாது. சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு என்பதால் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கேட்காமலேயே ஏஐ கருவி ‘இந்தியா முழுவதும் டெலிவரி’ என்று எழுதிவிடும். பதிவு இல்லாத கடையின் பக்கத்தில் அந்த வரி இருக்கக் கூடாது.

2. சரக்குக் குறிப்பு எழுதுதல்

மொத்த வேலையில் மிக முக்கியமானது இந்தப் படிதான். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். கருவிக்கு உங்கள் கடையைப் பற்றி எதுவும் தெரியாது. ‘தோல் பர்ஸுக்கு விளம்பரம் எழுது’ என்று மட்டும் சொன்னால், ஊரில் உலகத்தில் உள்ள பர்ஸ் விளம்பரங்களிலெல்லாம் வழக்கமாக வரும் வாசகங்களைச் சேர்த்து ஒன்றை எழுதித் தரும். அதில் உங்கள் சரக்கு இருக்காது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என் பர்ஸுக்கு நான் எழுதியது இது: மாட்டுத்தோல், குரோம் முறையில் (குரோமிய உப்பால்) பதனிட்டது, உள்ளே துணி லைனிங், கார்டு வைக்க ஆறு அறை, சில்லறைக்குப் பட்டன் போட்ட தனி அறை, நீளம் 11.5 செ.மீ., அகலம் 9 செ.மீ.; கறுப்பு, பழுப்பு என இரண்டு நிறம்; தைப்பது பேரணாம்பட்டில்; விலை 650 ரூபாய்; தையல் பிரிந்தால் ஆறு மாதத்துக்குள் கடையில் இலவசமாகத் தைத்துத் தருவோம்; மழையில் நனைந்தால் கறை படியும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். பொருளின் குறையையும் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் கருவி அந்த இடத்தைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும். எனக்கு அது ‘முழுமையாக நீர் புகாதது’ என்று எழுதித் தந்தது.

எந்தத் தோல் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுங்கள். ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா, எருமைத்தோலா என்று கேட்டுத்தான் நம் வாடிக்கையாளர்கள் பலர் வாங்குகிறார்கள். மாட்டுத்தோல் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், லைனிங்கில் பன்றித்தோல் இருக்கிறதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கை சார்ந்த விஷயத்தில் ஓர் இயந்திரத்தின் ஊகம் புகுந்துவிடக் கூடாது.

பத்துப் பொருளுக்குக் குறிப்பு எழுத எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. தைப்பவரிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்த நேரமும் அதில் அடக்கம்.

3. கருவியும் செலவும்

சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டும் தமிழில் எழுதும். இரண்டையும் இலவசமாகத் தொடங்கலாம். இலவசக் கணக்கில் ஒரு நாளில் இவ்வளவுதான் கேட்கலாம் என்ற வரம்பு உண்டு. சிறு கடையின் தேவைக்கு அது போதும். சாட்ஜிபிடியின் ‘கோ’ என்ற கட்டணத் திட்டம் 2025 ஆகஸ்டில் மாதம் 399 ரூபாய் என்ற விலையில் இந்தியாவுக்கு வந்தது. முதல் மூன்று மாதம் எந்தக் கருவிக்கும் பணம் கட்டாதீர்கள். அதற்குள் வாரம் எத்தனை வாசகம் தேவைப்படுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி தொடங்கி, அதைக் கொண்டே எல்லாக் கணக்குகளையும் திறவுங்கள். வேலைக்கு வைத்திருக்கும் பையனின் மின்னஞ்சலில் திறந்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது கடையின் கணக்கும் அவரோடு போய்விடும்.

வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றைக் கருவியில் ஒட்டாதீர்கள். ‘இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி எழுது’ என்று சொல்லி முழுப் பட்டியலையும் கொடுத்துவிடுவது எளிதாகத் தோன்றும். அந்த எண்களை அவர்கள் நம்மிடம் தந்தது பில்லுக்காக. அமைப்புப் பகுதியில் (செட்டிங்ஸ்) நீங்கள் எழுதுவதைக் கருவியின் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். அதையும் அணைத்து வையுங்கள்.

4. கேட்கும் முறை

நான் ஒவ்வொரு முறையும் முதலில் ஒட்டும் கட்டளை இது. உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

‘வேலூரில் உள்ள சிறிய லெதர் பொருள் கடைக்கு விளம்பர வாசகம் எழுது. கீழே உள்ள குறிப்பில் இருப்பதை மட்டும் பயன்படுத்து. குறிப்பில் இல்லாத உத்தரவாதம், சான்றிதழ், தள்ளுபடி, வாடிக்கையாளர் எண்ணிக்கை எதையும் சேர்க்காதே. தகவல் போதவில்லை என்றால் எழுதுவதற்கு முன் என்னிடம் கேள். பர்ஸ், பெல்ட், பேக் என்ற சொற்களையே வை. தூய தமிழாக்கம் வேண்டாம். ஐந்து வரிக்கு மேல் போகாதே. மூன்று விதமாக எழுதிக் காட்டு.’

இதன் கீழே அந்தப் பொருளின் சரக்குக் குறிப்பை ஒட்டுங்கள். ‘தகவல் போதவில்லை என்றால் கேள்’ என்ற வரி சிறியதாகத் தெரிந்தாலும் மிகவும் பயன்படும். அது திருப்பிக் கேட்கும் கேள்விகளில் பாதி, வாடிக்கையாளர் நம்மிடம் கேட்கும் கேள்விகளாகவே இருக்கும்.

5. வந்ததைத் திருத்துதல்

கருவி தந்ததை அப்படியே ஏற்றக் கூடாது. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் இந்த வரியைக் காட்டிக் கேட்டால் கல்லாவில் நின்றபடி பதில் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். முடியாத வரியை அடித்துவிடுங்கள். முன்பு சொன்னவர் எங்கள் கடைக்கு மாத ஊதியத்தில் எழுதிய காலத்தில் ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று ஒரு பதிவு போயிருந்தது. காட்பாடியிலிருந்து ஒருவர் ஓராண்டு பயன்படுத்திய பெல்ட்டோடு அந்தப் பதிவையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. புதிய பெல்ட் கொடுத்து அனுப்பினேன். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எழுதியது இயந்திரம் என்ற பதில் அங்கே செல்லாது.

தமிழில் எழுதும்போது அடிக்கடி வரும் பிழைகளைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலாவது, ‘தோல்’ என்ற சொல்லே. நமக்குப் பர்ஸும் தோல், மேனியும் தோல். ‘தோல் பராமரிப்புக்கு ஐந்து குறிப்புகள் எழுது’ என்று கேட்டேன். வெயிலில் போவதற்கு முன் சன்ஸ்கிரீன் தடவுங்கள், இரவில் முகம் கழுவுங்கள் என்று வந்தது. அதனால்தான் மேலே தந்த கட்டளையில் ‘லெதர்’ என்று எழுதியிருக்கிறேன். உங்கள் தொழிலிலும் இப்படி இரண்டு பொருள் தரும் சொற்கள் இருக்கும். அவற்றை முன்கூட்டியே கண்டறிந்து வையுங்கள்.

இரண்டாவது, யாரும் பேசாத தமிழ். பெல்ட்டை ‘இடைக்கச்சை’ என்றும் பர்ஸை ‘பணப்பை’ என்றும் எழுதும். தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு. ஆனால் வாங்க வருபவர் தேடும்போது தட்டச்சு செய்வது பர்ஸ் என்றுதான்.

மூன்றாவது, சரக்கைப் பற்றிய பொய். குரோம் முறையில் பதனிட்ட தோலைக்கூட ‘தாவரச் சாற்றால் பதனிட்ட இத்தாலியத் தோல்’ என்று எழுதிவிடுகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட வட்டாரம் இது. அந்த வேறுபாட்டைத் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்கள் பார்த்தால் கடையின் பெயர் என்ன ஆகும்? ரெக்சின் பையை ‘வீகன் லெதர்’ என்று எழுதுவதும் இதே வகைதான். ரெக்சின் என்றே எழுதுங்கள், விலையும் அதற்கேற்ப இருக்கட்டும். ‘புவிசார் குறியீடு பெற்றது’ (ஓர் ஊருக்கே உரிய பொருள் என்று அரசு பதிவு செய்து தரும் அடையாளம்) என்ற சொற்களையும் கருவி தாராளமாகச் சேர்க்கும். அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனராக நீங்கள் பதிவு செய்திருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

நான்காவது, எந்தப் பொருளுக்கும் பொருந்தும் வெற்று வாசகம். ‘உங்கள் பாணியை அடுத்த கட்டத்துக்கு உயர்த்தும் நேர்த்தியான படைப்பு’ என்று ஒரு முறை வந்தது. அதை அடித்துவிட்டு நான் ஏற்றியது: ‘ஆறு கார்டுக்கு இடம். சில்லறைக்குப் பட்டன் போட்ட தனி அறை. மாட்டுத்தோல், பேரணாம்பட்டில் தைத்தது. 650 ரூபாய். தையல் விட்டால் ஆறு மாதம் வரை கடையில் தைத்துத் தருவோம். மழையில் நனைய விடாதீர்கள்.’ இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கடையில் கேள்வி கேட்கவில்லை. நிறத்தை மட்டும் சொன்னார்கள்.

பொருளின் படத்தைக் கருவியைக் கொண்டு உருவாக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், வாசல் திண்ணையில் வைத்துக் கைபேசியில் எடுத்த படம் போதும்.

6. எங்கே ஏற்றுவது

கூகுள் வணிகப் பக்கத்தில் தொடங்குங்கள். அது இலவசம், அருகில் இருப்பவர் தேடும்போது முதலில் தெரிவதும் அதுதான். இப்போது பெரும்பாலும் காணொளி மூலம் சரிபார்க்கிறார்கள். தெருவின் பெயர்ப்பலகை, கடைப் பலகை, உள்ளே உள்ள சரக்கு, பூட்டைத் திறப்பது அல்லது கல்லாவைத் திறப்பது ஆகிய அனைத்தும் ஒரே தொடர்ச்சியாக, வெட்டாமல், குறைந்தது 30 விநாடி இருக்க வேண்டும். ஆதார் போன்ற ஆவணங்களையோ பிறர் முகங்களையோ அதில் காட்டாதீர்கள். முடிவு வர ஐந்து வேலை நாள் வரை ஆகலாம் என்பதால், பண்டிகைக்கு முந்தைய வாரம் இதைத் தொடங்கிப் பயனில்லை.

கடையைப் பற்றிய விவரத்துக்கு 750 எழுத்துதான் இடம். தமிழில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது நினைப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே கருவியிடம் 60 சொல்லுக்குள் கேளுங்கள். விலை, தள்ளுபடி, இணைப்பு ஆகியவற்றை விவரத்தில் வைக்கக் கூடாது. கடையின் பெயர் என்ற இடத்தில் ‘வேலூரின் சிறந்த லெதர் கடை’ என்று சேர்க்கும்படி கருவி ஆலோசனை சொல்லும். கேட்காதீர்கள். பலகையில் உள்ள பெயர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் பக்கமே முடக்கப்படலாம்.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். இதுவும் இலவசம். வீட்டு எண்ணைப் பயன்படுத்தாமல் தனி சிம் வாங்கிவிடுங்கள். 500 பொருள் வரை பட்டியலிட இடமிருக்கிறது. பத்து போதும். ஒரே செய்தியைப் பலருக்கு ஒரேயடியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். எனவே பில் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே முதல் ஒன்றிரண்டு வரியே மடிக்காமல் தெரியும். பொருளும் விலையும் அதற்குள் வந்துவிட வேண்டும்.

7. வங்காளத்திலும் இந்தியிலும்

வேலூரில் கடை வைத்திருப்பவருக்கு இந்தப் படி தவிர்க்க முடியாதது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து வருபவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். ஊருக்குத் திரும்பும் முன் வீட்டாருக்கு ஏதாவது வாங்கிப் போகிறார்கள். அவர்கள் மொழியில் நான்கு வரி இருந்தால் படித்துப் பார்க்கிறார்கள்.

தமிழ் வாசகத்தை முதலில் முடித்துக்கொண்டு, அதை வங்காளத்தில் எழுதித் தரக் கேளுங்கள். பிறகு புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, அந்த வங்காள வாசகத்தை மட்டும் ஒட்டித் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பொருள் மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இதற்குப் பின்னும், அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள். எங்களுக்குப் பக்கத்து லாட்ஜில் வரவேற்பில் இருக்கும் தம்பி படித்துத் தருகிறார். விலையை வழக்கமான எண்களிலேயே வைக்கச் சொன்னவரும் அவர்தான். வங்காள எண்களில் எழுதினால் கடையில் இருப்பவர்களுக்கே படிக்கத் தெரியாது என்றார்.

இன்னொன்று. வந்திருப்பவர்களில் பலர் நோயாளியோடு வந்தவர்கள். கருவி எழுதும் ‘உங்கள் இனிய சுற்றுலாவைக் கொண்டாடுங்கள்’ என்ற வகை வாசகம் அவர்கள் கண்ணில் படக் கூடாது. மருத்துவமனையின் பெயரைச் சொல்லி அவர்கள் அங்கீகரித்த கடை என்று எழுதுவதும் கூடாது. இடம் எங்கே, எத்தனை மணி வரை திறந்திருக்கும், என்ன விலை, எந்த மொழியில் பேசலாம் என்பவை போதும்.

8. மதிப்புரைக்குப் பதில்

குறை சொல்லி எழுதியவருக்குக் கோபத்தோடு பதில் எழுதுவதைவிட, நம் தரப்பை ஒரு வரியில் சொல்லி, பணிவாக மூன்று வரி எழுதித் தரும்படி கருவியிடம் கேட்பது நல்லது. ஆனால் பாராட்டு மதிப்புரைகளைக் கருவியில் எழுதி, உறவினர்களின் பெயரில் போடச் சொல்லும் ஆலோசனைகள் உலவுகின்றன. அது விதிகளுக்கு எதிரானது, பக்கமும் பறிபோகலாம். பொருள் வாங்கியவரிடம் நேரில் கேளுங்கள், எழுதுபவர் எழுதட்டும்.

9. கட்டண விளம்பரம்

இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் பணம் கட்டி ஓட்டும் விளம்பரம் முதல் இரண்டு மாதம் வேண்டாம். பிறகு தொடங்கினால் ஒரு நாளைக்கு 150 ரூபாய் வீதம் ஐந்து நாள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதால் 750 ரூபாய் 885 ஆகும். ஒரே படத்துக்கு இரண்டு வாசகம் வைத்து, எதைப் பார்த்து வந்தீர்கள் என்று வருபவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

10. நேரக் கணக்கு

ஆவணம் சேர்க்க ஒரு வாரம், சரக்குக் குறிப்புக்கு இரண்டு வாரம், கூகுள் பக்கத்துக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் எல்லாம் நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு எனக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது: எழுதி வாங்க அரை மணி, திருத்த ஒரு மணி, ஏற்ற அரை மணி. எழுதுவதைவிடத் திருத்த அதிக நேரம் ஆவது இயல்பு. அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

பருவத்துக்கான வாசகங்களை மூன்று வாரம் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது தேவைப்படும் பைகளுக்கு மே மாதத் தொடக்கத்திலும், ரம்ஜானுக்கு நோன்பு தொடங்கும் முன்பும் எழுதியிருக்க வேண்டும். தீபாவளி வாசகங்களைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் கல்லாவை விட்டு நகர நேரம் கிடைக்காது.